பாட்டி காலத்து விதை

ஆடி பிறந்தால் எங்கள் தெருக்கோடி நாற்றுக்காரர் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. 98 குழித்தட்டில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, குழிக்கொரு விதை ஊன்றி, ஒரு மாதம் பிள்ளைபோல் வளர்த்து, நாற்று ஐந்து ரூபாய் என்பார். காரில் வந்து இறங்குபவர் நாலு ரூபாய்க்குக் கேட்பார்.

"அண்ணே, அசல் நாட்டு ரகம்தானே?"

"பாட்டி காலத்து விதைங்க."

யார் பாட்டி என்று எவரும் கேட்பதில்லை. தக்காளிக்குப் பூர்விகம் தென்னமெரிக்கா. மிளகாய் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்தது. இன்று ராமநாதபுரம் முண்டு என்று புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. நான் ரேஷன் கார்டில் முகவரி மாற்ற இன்னும் அலைகிறேன்.

கத்தரிதான் நம்மூர்ப் பிள்ளை. ஆனால் அதை நம்ப முடியாது. தேனீ தூது போனால் முள்ளுக் கத்தரி பக்கத்துப் பாத்தி வரிக் கத்தரியோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும். அதனால் விதைக்கு விடும் செடியில் மொட்டிலேயே வலைத்துணிப் பை கட்டிவிடுகிறார். "பெத்த பொண்ணுக்குக்கூட இத்தனை காவல் இல்லை" என்கிறார் அவர் மனைவி.

வீரிய ஒட்டு ரகம் என்றால் வருஷாவருஷம் விதை வாங்க வேண்டும். நாட்டு ரகத்தில் ஒரு காயைப் பழுக்க விட்டால் போதும், மறுவருஷம் இவரிடம் வரவே வேண்டாம். அதையும் ஒவ்வொருவரிடமும் அவரே சொல்லி அனுப்புகிறார். பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன்.

போன ஆடியில் வந்த அதே முகங்கள் இந்த ஆடியிலும் நின்றன.

"விதை எடுக்கலையா?"

"எண்ணெய்க் கத்தரிக்கா பண்ணிட்டோம்ணே."