ழகரப் புள்ளி: ஒரு கால்நடை ஆய்வு

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கப்பட்டது. திருச்சி சாலையில் ஆயிரம் ஏக்கரை நெருங்கும் நிலம். நம் பக்கத்துக் கணக்கில் 145 வேலிக்குக் குறையாது. வானத்திலிருந்து பார்த்தால் ‘தமிழ்நாடு’ என்று படிக்கும்படி கட்டடங்களைத் திட்டமிட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. காக்கைக்கு அது சௌகரியம். நடந்து போகிறவன் என்ன செய்வான்? ஆகவே ழகர ஒற்றின் தலைப்புள்ளி தரையில் எங்கே விழவேண்டும் என்று கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் கருவிகள்: ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, குடை, பாட்டிலில் தண்ணீர். டெல்டா என்றதும் சேறும் நாற்றங்காலும் நினைவுக்கு வரும், களம் அப்படிப்பட்டதல்ல. இது வல்லத்தை நோக்கி ஏறும் செம்மண் மேடு. காவிரித் தண்ணீர் கிழக்கே வயலுக்குப் போய்விடும். இங்கே செருப்புக்குள் வருவது சரளைதான்.

தார்ச்சாலையை ஆராய ஒன்றுமில்லை; அது போட்ட இடத்தில் கிடக்கிறது. ஒற்றையடிப் பாதைகள்தான் இலக்கணம் அறிந்தவை. நன்னூல் கூறும் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் அவற்றில் கண்டேன். திரிதல் பெரும்பாலும் என்னுடையது. ஓரிடத்தில் யாரோ கருவேல முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையைக் கெடுத்திருந்தார்கள்; ஒரு முழம் தள்ளிப் புதுப்பாதை தோன்றியிருந்தது. இரண்டும் கூடுமிடத்துக்கு ஊரிலும் சந்தி, இலக்கணத்திலும் சந்தி. அந்தச் சந்தியில் நெருஞ்சி முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறியது. வலி மிகும் இடம் என்று குறித்துக்கொண்டேன்.

மறுப்பு ஒன்று எழக்கூடும். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று ஏடெழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலைச்சுவடித் துறையும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது. எனவே புள்ளி இல்லாவிட்டாலும் மரபு வழுவாது என்று ஒரு கட்சி கிளம்பலாம். கிளம்பட்டும். செம்மண்ணில் எத்தனை புள்ளி குத்தினாலும் கிழியாது என்பதை அக்கட்சியார் கருத வேண்டும்.

மூன்றாம் நாள் சாயங்காலம், ஒரு வேப்பமரத்தடியில் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் குச்சியை ஊன்றி நின்றார்.

“என்ன தம்பி தேடுறீங்க?”

“புள்ளிம்மா.”

“புள்ளி ஆடா? அது அப்பவே வடக்க ஏறிப் போயிருச்சே. ரோட்டுல போவாதீங்க, சுத்து. இப்புடிப் போங்க.”

தகவலாளி காட்டிய வழியே போனேன். ஆடு அகப்படவில்லை. ஆனால் பாதை நெடுகக் கறுப்பாக, உருண்டையாக, அடுத்தடுத்துப் புழுக்கைகள். எண்ணி மாளவில்லை.

ஒற்று மிகும் இடம் என்று குறித்துக்கொண்டேன்.