மீன் பாடுது, கணினி முரண்டு பிடிக்குது!

ஸீலிப் சுருக்க நூலகத்தை ஆயத்த நிலையிலேயே தரவிறக்கினேன். நிரல் பிழையின்றி இணைகிறது; ஓடவிட்டால் 'டிஎல்எல் இல்லை' என்கிறது. மீனே பாடும் மட்டக்களப்பில் என் கணினி மட்டும் ஏன் அழுகிறது?
*– மாணவர், வந்தாறுமூலை*

மீன் வாவிக்குள் இருக்கிறது, பாடுகிறது. உங்கள் டிஎல்எல் எங்கே இருக்கிறது? டவுன்லோட்ஸிலா? நிரலின் இஎக்ஸ்இ கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். தொகுக்கத் தலைப்புக் கோப்பு, இணைக்க லிப் கோப்பு, ஓட டிஎல்எல். மூன்றும் வேண்டும். அதற்குப் பிறகும் அழுதால், 64 பிட் நிரலுக்கு 32 பிட் நூலகத்தைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கண்ட தளத்தில் டிஎல்எல் எடுக்காதீர்கள், வைரஸும் கூடவே வரும். விசிபிகேஜி தொகுப்பு மேலாளர் போன்ற நம்பகமான வழியில் எடுங்கள்.

தமிழ்க் கோப்பைச் சுருக்குவது அவசியமா?
*– வாசகி, கல்லடி*

நம்மைவிட வேறு யாருக்கு அவசியம்? யூடிஎஃப்-8 முறையில் 'மட்டக்களப்பு' என்று தமிழில் எழுத 36 பைட், ஆங்கிலத்தில் 10. ஸீலிப் கொண்டு சுருக்கி விரித்தாலும் ஒரு புள்ளிகூடத் தொலையாது. 1995இல் இந்த நூலகத்தை எழுதிய இருவரில் ஒருவரான மார்க் அட்லர், செவ்வாய்க்குப் போன ஸ்பிரிட் ஊர்தித் திட்டத்திலும் பணியாற்றியவர். நூலகம் இன்றும் இலவசம். வணிக மென்பொருளிலும் தாராளமாகச் சேர்க்கலாம்.