குப்பைத் தொட்டிக்கும் சாசனம்

இங்கிலாந்தின் உள்ளாட்சிக் கவுன்சில்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பிரிட்டனுக்கே ஒரே ஏட்டில் எழுதிவைத்த அரசியல் சாசனம் கிடையாது. குப்பை அள்ளும் கவுன்சிலுக்கோ அது கட்டாயம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. குப்பை வண்டி வாராவாரமா, இரு வாரத்துக்கொரு முறையா? விளையாட்டுக் காரியமா இது! முக்கிய முடிவென்றால், பொதுவாக 28 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொட்டி பொறுக்காவிட்டால் அது தொட்டியின் ஒழுங்கீனம்.

நிர்வாகக் குழு முடிவெடுத்த பிறகும் அவசரமில்லை. அமலாகும் முன் ஆய்வுக் குழு அதைத் திரும்ப அழைக்கலாம். உறுப்பினர்கள் கூடுவார்கள், அலசுவார்கள், துவைத்துக் காயப்போடுவார்கள். ரத்து செய்ய மட்டும் அதிகாரமில்லை. மறுபரிசீலனைக்கு அனுப்பலாம், அவ்வளவே. நிர்வாகக் குழுவும் ஆழ்ந்து பரிசீலித்து, பழைய முடிவையே மறுபடி எடுக்கலாம். சாசனப்படி அது செல்லும்.