ஒரு ரேடியோப் பெட்டியின் தலபுராணம்

கோயிலுக்குத் திருப்பணி என்றால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். பழைய சிற்பத்தின் மேல் மணலைப் பீய்ச்சி மூக்கைத் தேய்ப்பார்கள். பக்கத்துத் தூணுக்கு ரோஸ் எனாமல் அடிப்பார்கள். கடைசியில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதிவிட்டுப் போவார்கள். வால்வு ரேடியோக்களுக்கும் நம் ஊரில் இதே கதிதான். என்ன, ரேடியோவுக்குள் திருப்பணி செய்த புண்ணியவான்கள் யாரும் பெயர் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் போய் உட்கார்ந்து நியாயம் கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பின்பக்க அட்டையைக் கழற்றும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்ளும். உள்ளே பல்லி இருக்கலாம், எலி குடித்தனம் நடத்தலாம், அதற்கெல்லாம் பயமில்லை. மனிதன் கைவைத்திருப்பானோ என்றுதான் பயம்.

இந்தக் குற்றங்களுக்கெல்லாம் மூல காரணம் யார் என்று யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: அந்தக் கால மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி.கேஸ்கர். சிரிக்காதீர்கள். சென்னையில் 1924லேயே ரேடியோ கிளப் ஒலிபரப்பு தொடங்கி, காசில்லாமல் 1927ல் கடையைக் கட்டியது. 1938ல் சென்னை வானொலி, 1939ல் திருச்சி வானொலி என்று நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஊர் மீடியம் வேவ் நிலையத்தைக் கேட்க அரைகுறை ரேடியோவே போதும். யாருக்கும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடும் அவசியம் வரவில்லை. 1952ல் கேஸ்கர் வந்தார். சினிமாப் பாட்டு கேட்டால் நாடு கெட்டுப்போகும் என்று அதை ஆல் இந்தியா ரேடியோவிலிருந்து ஏறக்குறைய துடைத்தெடுத்தார். நாடு உடனே சிற்றலைக்குத் தாவி ரேடியோ சிலோனைப் பிடித்துக்கொண்டது. 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கி டெல்லி சமாதானத்துக்கு வந்தபோது, ஜனங்கள் கொழும்பில் குடியேறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

கடல் தாண்டி வரும் சிற்றலையை இழுக்க வேண்டுமென்றால் பெட்டிக்குள் ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ரேடியோ சிலோன் அறிவிப்பாளர் மயில்வாகனன் குரல் கிணற்றுக்குள் போய்விடும். பட்டணத்து மெக்கானிக் வர நாலு நாள் ஆகும். பாட்டு நாளைக் காலையிலேயே வேண்டும். வீட்டுக்கு ஒரு விஞ்ஞானி உருவானது இப்படித்தான்.

பெரியப்பா வீட்டுப் பெட்டி 1958ல் வாங்கியது. ஈசிஹெச்81, ஈஎஃப்89, ஈஏபிசி80, ஈஎல்84, ஈஇசட்80 என்று ஐந்து வால்வு, முகப்பில் பச்சையாக மின்னும் மேஜிக் ஐ. போன வருஷம் அது என் மேஜைக்கு வந்தது. அட்டையைக் கழற்றியதும் முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். ஃபியூஸ் இருந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டிச் செருகியிருந்தது. ஃபியூஸ் என்பது மற்றவர்களுக்காக முதலில் சாக வேண்டிய ஆத்மா. இந்த வெள்ளித்தாளோ, டிரான்ஸ்பார்மர் எரிந்து, மேஜை எரிந்து, தெருமுனையில் தீயணைப்பு வண்டி மணி அடித்தாலும் தான் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். டிரான்ஸ்பார்மர் ஆடாமலிருக்க அடியில் ஏதோ மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். உருவிப் பார்த்தால் ரேடியோ லைசென்ஸ் புத்தகம். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க வருஷத்துக்கு 15 ரூபாய் தபாலாபீசில் கட்டி முத்திரை வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் எங்கே என்று கேட்டபோதெல்லாம் அது ரேடியோவையே தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது டயல் நூல். குமிழைத் திருப்பினால் முள் நகர வேண்டும் அல்லவா, அதற்காக ஒரு மெல்லிய நூல் சக்கரத்தில் சுற்றி, நாலு கப்பிகளில் வளைந்து, ஸ்பிரிங்கில் முடியும். அறுந்தால் மறுபடி சுற்றுவதற்கு மூன்று கையும் முனிவரின் பொறுமையும் வேண்டும். எங்கள் பெட்டியில் யாரோ பூக்கட்டும் வாழைநாரால் சுற்றி, அது காய்ந்து அறுந்த பிறகு, இன்னொருவர் தூண்டில் நரம்பு போட்டிருந்தார். போட்டதில் தவறில்லை. எதிர்த்திசையில் சுற்றிவிட்டார். குமிழை வலது பக்கம் திருப்பினால் முள் இடது பக்கம் போனது. கண்ணாடியில் ரங்கூன் என்று எழுதிய இடத்தில் கொழும்பு, லண்டன் இருந்த இடத்தில் டெல்லி. பெரியம்மாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "ரங்கூன்ல வைடா, பாட்டுப் போடுவான்" என்பார். பர்மாவில் இவ்வளவு தமிழ்ப் பாட்டு போடுகிறார்களே என்று சின்ன வயதில் நான் பூரித்துப்போனதுண்டு.

திருகாணிகளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அலுமினிய டப்பாவுக்குள் ஐ.எஃப்.டி. என்று இரண்டு சுருள் ஜோடிகள் இருக்கும். ஒரு நிலையத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் கொடுப்பதே அவைதான். பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸில் நிறுத்தி, கம்பெனியில் அளந்து மெழுகு வைத்து அனுப்புவார்கள். அதன் தலையில் திருகு போல ஒன்று தெரியும். திருகு அது அல்ல, சுருளுக்குள் ஏறி இறங்கும் ஃபெரைட் கட்டை. கால் சுற்றுக்கே ஊர் மாறிவிடும். திருப்பணிக்காரர் கண்ணில் அது எப்படிப் படும்? "ஐயையோ, எல்லாம் லூசாக் கெடக்கே!" அத்தனையையும் அடி வரை முடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல வேளை நான் பார்த்தேன் என்ற திருப்தியோடு எழுந்து போயிருப்பார். விளைவு, இலங்கையும் பீகிங்கும் மாஸ்கோவும் ஒரே நேரத்தில் தமிழில் பேசின. நேருவின் அணிசேராக் கொள்கையை இவ்வளவு நேர்மையாகக் கடைப்பிடித்த பெட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று பேர் பேச்சையும் கேட்டது, ஒருவர் சொன்னதும் புரியவில்லை.

பற்றவைத்த விதத்தைப் பார்த்ததும் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. குங்கிலியம் போட்டுப் பற்றவைக்க வேண்டிய இடத்தில் நவச்சாரம். பித்தளை அண்டாவுக்கு அது அமிர்தம். ரேடியோவின் மெல்லிய செம்புக் கம்பிக்கு விஷம். பூத்துப் பச்சைக் களிம்பாகி, தொட்டால் உதிர்ந்தது. ஒவ்வொரு மூட்டும் நெல்லிக்காய் அளவு. ஈயத்தில் அவர் கஞ்சத்தனம் பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்பீக்கர் காகிதத்தை எலி கடித்திருந்தது. அதற்கு மைதாப் பசையால் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். "இன்று முதல்" என்ற எழுத்தும் ஒரு கதாநாயகியின் பாதி நெற்றியும் தெரிந்தன. மைதா வாசனைக்குக் கரப்பான் வந்து, ஒட்டுப்போட்டதையும் தின்று, ஒட்டுப்போடாததையும் தின்றிருந்தது. சீர்காழி கோவிந்தராஜனின் கணீர்க் குரலுக்கே அந்த ஸ்பீக்கரில் ஜலதோஷம் பிடித்ததாம்.

மேஜிக் ஐ பல காலம் எரிந்தால் மங்கிப்போகும். புதியது கிடைக்காததால் ஒருவர் அதைப் பிடுங்கிவிட்டு, டயல் பல்பு ஒன்றைச் செருகி, பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார். அசல் மேஜிக் ஐ, நிலையம் சரியாகச் சேர்ந்தால்தான் கண்ணைக் குவிக்கும். இவருடையது எந்த இரைச்சலுக்கும் ஒரே பச்சை. கட்சித் தலைவர் முன்னால் நிற்கும் வட்டச் செயலாளர் மாதிரி எதற்கும் சம்மதம்.

'ம்ம்ம்' என்ற ஹம்மிங்கைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனசு. ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துபோனால் வரும் சத்தம் அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதை ஈஇசட்80 இரட்டிப்பாக்கினால் 100. இதை இன்னொரு மடங்கு ஏற்றினால் 200, அதாவது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே, ஐந்தரைக்குக் கொஞ்சம் கீழே. நம் சங்கீத வித்வாம்சினிகள் பலர் பாடும் சுருதி ஏறக்குறைய அதுதான். பெரியப்பா அந்தச் சத்தத்தைத் தம்பூரா என்றே நம்பினார். செய்தி வாசிக்கும்போதும் ஏன் தம்பூரா போடுகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இதெல்லாம் ஒரு பெட்டி. டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி பெட்டிகள் தனி ரகம். அவற்றின் சேஸிஸே நேராகக் கரண்டில் நிற்கும். பிளக்கை ஒருபுறம் செருகினால் சாது, திருப்பிச் செருகினால் 230 வோல்ட். விரல் படக்கூடாது என்று குமிழின் திருகைக்கூட மெழுகால் மூடி வைப்பார்கள். ஒரு வீட்டில் குமிழ் உடைந்து, வெறும் இரும்புத் தண்டைக் கொறடால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள், மணைப்பலகை மேல் ஏறி நின்று. பிளக்கில் எந்தப் பக்கம் மேலே என்பதற்கு ஒரு குங்குமப்பொட்டு. வைத்தது அந்த வீட்டுப் பாட்டி. பாதுகாப்பு விதி என்று அந்தப் பெட்டிக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

கிராமபோன் ஊசியின் தலையில் அரை ரூபாய் காசை ஒட்டியது, ஓசி71 டிரான்சிஸ்டரின் கறுப்புப் பெயிண்டை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுரண்டி, அது வெளிச்சத்துக்கும் வேலை செய்ய ஆரம்பித்து டியூப்லைட்டோடு சேர்ந்து உறுமியது, இவற்றையெல்லாம் விரித்தால் விடிந்துவிடும்.

பெரியப்பா பெட்டியில் வால்யூம் கண்ட்ரோலுக்குப் போகும் கம்பிதான் உச்சம். இரண்டு துண்டை முறுக்கிச் சேர்த்து, ஈயமே வைக்காமல், மேலே சைக்கிள் வால்வ் டியூபை மாட்டியிருந்தது. வால்வு ரேடியோவுக்கு வால்வ் டியூப்தானே பொருத்தம் என்று நினைத்தானோ என்னவோ. சூட்டில் ரப்பர் உருகி, பிறகு இறுகி, கருப்பட்டி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் சுரண்ட அரை நாள் ஆனது. அன்று சாயங்காலம் போன் செய்தேன்.

"பெரியப்பா, வால்யூம் கம்பில சைக்கிள் டியூப் மாட்டியிருக்கே, எந்த மடையன் பண்ணின வேலை?"

"பதினொண்ணாம் கிளாஸ் லீவுக்கு வந்தப்ப நீதான்டா பண்ணினே. என் சைக்கிள்லேருந்துதான் உருவினே. மறுநாள் நான் ஆபீசுக்கு நடந்து போனேன்."

போனை வைத்துவிட்டு, அதுவரை திருப்பணிக்காரர்களைத் திட்டிக் குறித்து வைத்திருந்த நோட்டில் இரண்டு பக்கத்தைக் கிழித்தேன்.

நாலு மாசம் ஆயிற்று. கண்டென்சர்களை மாற்றி, ஐ.எஃப்.டி.யை அளந்து நிறுத்தி, நூலைச் சரியான திசையில் சுற்றி, நிஜ ஃபியூஸ் போட்டு, பெட்டியைக் கும்பகோணத்துக்கு நானே சுமந்துபோனேன். பெரியப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடேற அரை நிமிஷம். திருச்சி நிலையம் துளி ஹம்மிங் இல்லாமல் நாகஸ்வரமாக வந்து கூடத்தை நிறைத்தது.

பெரியப்பா முகத்தில் சந்தோஷம் வரவில்லை. "தம்பூரா எங்கே?" என்றார். பிறகு, அறுபது வருஷப் பழக்கம், கை தானாக நீண்டு பெட்டியின் இடது விலாவில் ஒரு தட்டுத் தட்டியது.

நாகஸ்வரம் நின்றுபோனது.

"நாலு மாசமா என்னடா பண்ணினே?" என்று என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தட்டுத் தட்டினார். பாடியது.