மண்ணுக்காக விண்

கேள்வி: நாடு சோற்றுக்கே தவித்த காலத்தில், நெய்வேலியைப் போல நிலக்கரி தோண்டுவதை விட்டுவிட்டு, விக்ரம் சாராபாய் வானத்துக்கு ராக்கெட் விட்டது அவசியமா?
– வாசகர் ஒருவர், நெய்வேலி

பதில்: அகமதாபாத்தின் செல்வந்த ஆலைக் குடும்பத்தில் 1919-இல் பிறந்த சாராபாய்க்குப் பொழுதுபோக்கே நோக்கமாக இருந்திருந்தால், பட்டம் விடுவதே மலிவாக முடிந்திருக்கும். வானிலையை முன்னறியவும் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வியைக் கொண்டுசெல்லவும் விண்வெளித் தொழில்நுட்பம் உதவும் என்று நம்பிய அவர், காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும் கோடு, அருகில் செல்வதாலேயே ராக்கெட் ஏவும் தளமாகக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த தேவாலயம் அலுவலகமாக மாற, ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளிலும் பயணம் செய்ய, 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்கா வழங்கிய நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. 1969-இல் இஸ்ரோ உருவாக வழிவகுத்த சாராபாய், முதல் இந்தியச் செயற்கைக்கோளான ஆரியபட்டா 1975-இல் பறப்பதைக் காணாமலே, 1971-இல் தமது 52-ஆம் வயதில் காலமானார். கடலூர்க் கரையை நெருங்கும் புயலைப் படம்பிடிப்பது செயற்கைக்கோள், அப்படத்தைக் காட்டும் தொலைக்காட்சிக்கு மின்சாரம் தருவது நெய்வேலி என்றிருக்க, இருவரில் யார் தேவை என்ற வழக்கைப் புயல் கரை கடந்த பிறகு, மின்சாரமும் திரும்பி வந்தபின் விசாரிப்பதே முறையாகும்.