டப்பா தேடும் தம்பதி

பணி ஓய்வு பெற்ற அமெரிக்கத் தம்பதிகளில் பல ரகம் உண்டு. கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கிக்கொள்கிறவர்களையும், சொகுசுக் கப்பலில் ஏறிச் சாப்பிட்டே பொழுதைக் கழிக்கிறவர்களையும் வெயில் நாளில் பார்க்கலாம். டப்பா தேடும் தம்பதியைப் பார்க்க வேண்டுமானால் மழை பெய்ய வேண்டும். ஊரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் சாலையோரப் புதருக்குள் இரண்டு மஞ்சள் மழைக்கோட்டுகள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தால், சந்தேகமே வேண்டாம், அவர்கள்தான்.

இவர்களுடைய ஆட்டத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவார்கள். அகப்பட்டால், உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு என்ன என்று கேட்கிறீர்களா? பெயர் எழுதினீர்களே, அதுதான்.

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. ஒரே இரவில் துல்லியம் பத்து மடங்கு கூடியது. மே 3 அன்று ஆரெகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் போட்டுக் காட்டோரம் வைத்தார். ராணுவத்துக்காகக் கோடிகோடியாகக் கொட்டி வானில் ஏற்றிய செயற்கைக்கோள்கள், அன்றிலிருந்து பீன்ஸ் டின்னுக்கும் வழி சொல்லிக்கொண்டிருக்கின்றன.

நம் தம்பதியில் கருவி கணவரிடம், கண் மனைவியிடம். "இன்னும் நாலு மீட்டர்" என்று கருவி சொன்னால், அந்த நாலு மீட்டருக்குள் நின்று அவர் கருவியையே பார்த்துக்கொண்டிருப்பார். அம்மையார் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "நானாக இருந்தால் எங்கே ஒளித்திருப்பேன்?" என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, நேரே போய்க் கையை விடுவார். வால்மார்ட் வாகன நிறுத்துமிடமாக இருந்தால் யோசிக்கவும் மாட்டார்; விளக்குக் கம்பத்தின் அடியிலிருக்கும் தகர மூடியைத் தூக்குவார். டப்பா இருக்கும். கம்பத்துக்கு அப்படியொரு மூடி போட்டதே தங்களுக்காகத்தான் என்பது இந்தக் கூட்டத்தின் எண்ணம். "பார்த்தாயா, கருவி சரியாகத்தான் சொன்னது!" என்பார் கணவர்.

ஆட்டத்தில் சேராத நம்மைப் போன்றவர்களுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் மகிள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாத அப்பாவிகளுக்கு உள்ள பெயர் அது. மகிள் எவராவது எதிர்ப்பட்டால் டப்பாவைக் காட்டிக்கொடுக்காமல் நடிக்க வேண்டும். அம்மையார் போனில் பேசத் தொடங்கிவிடுவார். கணவர் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுவார். கொட்டும் மழையில், இடுப்பளவு புதரில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டுகிறவரை எந்த ஊர்ப் போலீஸ்காரர் நம்புவார்?

மழையில் இவர்களுக்கு உள்ள உண்மையான கவலை டப்பாவைப் பற்றியது. மூடி சரியாக இல்லையென்றால் உள்ளே நீர் புகுந்து தாள் கூழாகிவிடும், பேனா ஓடாது. ஆகவே அனுபவப்பட்ட தம்பதியின் காரில் பென்சில் இருக்கும், மாற்றிவைக்கக் காய்ந்த தாள் இருக்கும், தாளைப் போட ஜிப்லாக் பை இருக்கும், டப்பாவைத் துடைக்கத் துண்டு இருக்கும். தங்கள் தலையைத் துடைக்கத்தான் ஒன்றும் இருக்காது.

இந்த ரகத்தாருக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாமே கேன்சஸ் மாநிலம்தான். அதன் மேற்குக் கோடியில், எழுபதாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, 2000 மே 11 அன்று ஒளித்துவைத்த மிங்கோ என்ற டப்பா இருக்கிறது. இன்றும் ஆட்டத்தில் இருப்பவற்றில் அதுவே மிகப் பழையது. அப்படியொரு தம்பதியின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து அங்கே போகும் பாக்கியம் எனக்கும் வாய்த்தது. கேன்சஸ் சிட்டியிலிருந்து நேரே போனால் ஒரு பகல்கூட ஆகாது. ஆனால் நேரே போவது இவர்கள் ஜாதகத்தில் இல்லை.

காரணம், ஊர்கள். கேன்சஸில் மலையில்லை, கடலில்லை. கோதுமை வயல் உண்டு. அதைத் தாண்டிப் பறக்கிற கார்களை நிறுத்த, ஒவ்வொரு ஊரும் உலகிலேயே பெரியதாக எதையாவது செய்து வைத்திருக்கிறது. வில்சன் ஊரில் இருபது அடி உயரத்துக்குச் செக் நாட்டு வர்ணம் தீட்டிய ஒரு முட்டை. அதற்கு வடக்கே லூக்காஸில், உலகின் மிகப் பெரிய பொருள்களுடைய உலகின் மிகச் சிறிய மாதிரிகளின் உலகின் மிகப் பெரிய தொகுப்பு. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை படியுங்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை, பெயரே அதுதான்.

காக்கர் சிட்டியில் கயிற்று உருண்டை. ஃப்ராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி கொட்டகையில் கிடந்த வைக்கோல் கட்டும் கயிற்றை 1953-இல் சுற்ற ஆரம்பித்தார். 1974-இல் அவர் காலமான பிறகும் ஊர் விடவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. வருகிறவர்களும் தங்கள் பங்குக்குச் சுற்றலாம். மின்னசோட்டா மாநிலத்தின் டார்வின் ஊரிலும் ஓர் உருண்டை உண்டு. 1950-இல் தொடங்கி 29 ஆண்டுகள் ஃப்ரான்சிஸ் ஜான்சன் என்ற ஒரே மனிதர் சுற்றியது, பன்னிரண்டு அடி விட்டம். இரண்டில் எது பெரிது என்று காக்கர் சிட்டியிலேயே தம்பதிக்குள் தகராறு வந்துவிட்டது. ஊர் கூடிச் சுற்றியது கணக்கில் சேராது, தனி ஆள் சுற்றியதே சாதனை என்றார் கணவர். "கூடச் சேர்ந்து சுற்ற ஒருத்தர்கூட வரவில்லை, இதில் என்ன பெருமை?" என்று கேட்டுவிட்டு, அம்மையார் தன் கயிற்றைச் சுற்றப் போய்விட்டார். உருண்டைக்குக் கூரை உண்டு. நாங்கள் மூவரும் சொட்டச் சொட்ட நிற்க, கயிறு உலர்ந்திருந்தது.

லெபனான் ஊர்தான் கணவரைச் சோதித்தது. அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்காவின் நடுப்புள்ளி அதன் அருகில் இருக்கிறது. 1918-இல் அட்டையில் வெட்டிய தேசப் படத்தை ஒரு முனையில் சாயாமல் நிறுத்திப் பார்த்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தார்களாம். புள்ளி விழுந்ததோ ஒரு விவசாயியின் பண்ணையில். கூட்டம் வந்து மிதிக்கும் என்று அவர் சம்மதிக்காததால், நினைவுக் கல்லைச் சுமார் அரை மைல் தள்ளி நட்டுவிட்டார்கள். நாலு மீட்டர் பிசகினால் டப்பாக்காரருக்குப் புகார் எழுதுகிறவர் அரை மைலை எப்படித் தாங்குவார்? கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கருவியோடு வெகுநேரம் மழையில் நின்றார். "வந்து ஏறுங்கள். அந்த விவசாயிக்கு உங்களை மாதிரி ஆட்களை அப்போதே தெரிந்திருக்கிறது" என்றார் அம்மையார், கண்ணாடியை இறக்கிவிட்டு.

மிங்கோ இருந்த இடத்தில் சாலை, வேலி, ஈரப் புல் தவிர வேறொன்றும் இல்லை. இருவரும் மண்டியிட்டுத் திறந்தார்கள். முதலில் அம்மையார் எழுத, பிறகு கணவர் எழுதினார். என்னிடமும் தாளை நீட்டினார்கள், எழுதினேன். இதையெல்லாம் வேலை மெனக்கெட்ட பிழைப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் கயிறு சுற்றிய ஸ்டோபரும் அட்டையை நிறுத்திப் பார்த்தவர்களும் எந்த ரகம்? அவர்கள் வைத்துவிட்டுப் போனதைத் தேடிப் பார்க்க இப்படி இரண்டு பேர் வராவிட்டால், அந்த ஊர்ப் பெயர்களை எவர் சொல்லப்போகிறார்கள்?

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மிங்கோவில் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். தமிழில் எழுதினாலும் செல்லும். பென்சில் மட்டும் மறக்காதீர்கள்.