இசட் புள்ளி வந்திருச்சா, பேராண்டி?

வாடா பேராண்டி, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஏ.எல். ரிசல்ட் வந்திருச்சு. இசட் புள்ளி ஒண்ணுக்குக் கீழயா? சரி, பூச்சியத்துக்கு மேலதான? இந்தச் சோதனையில பூச்சியத்துக்குக் கீழ போறதுக்கும் வழி வச்சிருக்காங்க. கொழும்புல இருக்கிற உன் பெரியப்பா மகன் வெளிநாட்டு எம்பிஏவுக்கு ஜிமேட்னு ஒண்ணு எழுதப் போறானாம். அதுல உச்சம் 805, ஆகக் குறைஞ்சது 205. ஒண்ணும் தெரியாம போய்க் குந்தினவனையும் எரநூத்துச் சொச்சத்தோட அனுப்பி வைக்கிற மகராசனுங்க. நம்ம ஊருல அந்தத் தருமம் கிடையாது.

இப்ப உனக்கு என்ன வேலைன்னா, முதல்ல லயம் லயமாப் போய் பேப்பர் திருத்தினவன் சரியில்லன்னு சொல்லணும். அப்புறம் டவுன்ல எங்கயாச்சும் ‘ஏ.எல். தேவையில்லை, பன்னிரண்டு மாதத்தில் எம்பிஏ’ன்னு போர்டு தொங்கும். அங்க போய், ஆச்சி முப்பது வருசம் கொழுந்தெடுத்துச் சேத்த ஈபிஎஃப் காசக் கட்டு. டை கட்டி போட்டோ எடுத்துத் தருவாங்க. அந்தப் பட்டத்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏத்துக்குமான்னு மட்டும் கேட்டுறாத. பாவம், அவங்க மனசு நோகும்.

கணக்கியல்ல நல்லா எழுதினேன், அப்புறம் ஏன் புள்ளி இறங்குச்சுன்னு கேக்குறியா? கொழுந்து மடுவத்துல தராசு புடிச்சவன் சொல்றேன், கேளு. ஒருத்தி 20 கிலோ கொண்டாந்தான்னா அது நல்ல நிறையா, கெட்ட நிறையா? மழை விட்டு மலையே பொங்கி நிக்கிற நாள்ல எல்லாரும் 25 எடுக்கையில அந்த 20க்கு அவ தலையக் குனிஞ்சுக்கணும். வெயில்ல வாடின மலையில எல்லாரும் 12 எடுக்கையில அதே 20 வந்தா தொரையே எட்டிப் பாப்பாரு. இசட் புள்ளியும் அதத்தான் பாக்குது. அந்தப் பாடத்த எழுதின அத்தனை பேரோட சராசரி என்ன, அதுக்கு மேல நீ எவ்வளவு தூரம், மத்தவங்க எவ்வளவு சிதறிக் கிடக்காங்கன்னு கணக்குப் போட்டு, மூணு பாடத்துக்கும் சேத்து ஒரு எண்ணுல நிப்பாட்டுது. நீ நல்லாத்தான் எழுதியிருக்க. ஊரே நல்லா எழுதிருச்சு, அதான் வினை. படிச்சவங்க பரீட்சைக்கு இப்படி ஒரு நியாயம் கண்டுபிடிச்சாங்க. மடுவத்துக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல, அங்க வாடின மலையா இருந்தாலும் நிறை குறைஞ்சா அரைப் பேருதான், பாதிச் சம்பளம்.

அந்த நியாயமும் 2001ல வந்ததுதான். வந்ததும் ஒழுங்கா ஓடிருச்சா? 2011ல பழைய பாடத்திட்டக்காரங்களையும் புதுசுக்காரங்களையும் ஒண்ணாக் கலந்து புள்ளி போட்டாங்க. அடுத்த வருசம் உயர் நீதிமன்றம் அது செல்லாது, திரும்பப் போடுங்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. கணக்குப் போடுறவங்களே ஒரு தடவ பெயிலானவங்கதான்டா. நீ அழுகாத.

இப்ப காதக் கொண்டா. பல்கலைக்கழகத்துல முகாமைத்துவத்துக்குப் புள்ளைகள எடுக்கையில நூத்துக்கு 40 இடம் நாடு முழுக்கத் திறமை வரிசைப்படி. 55 இடம் மாவட்டத்துக்கு மாவட்டம் சனத்தொகை பாத்துப் பிரிக்கிறது. மிச்சம் 5 பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. நம்ம நுவரெலியா அந்தப் பதினாறுல ஒண்ணு. பின்தங்கினவன்னா உனக்கு ரோசம் வருது, பாக்குறேன். விண்ணப்பம் அனுப்பி முடியுற வரைக்கும் அந்த ரோசத்தக் கழட்டி ஆணியில மாட்டு. இந்த இடத்துக்காகவே வெளி மாவட்டத்துப் புள்ளைக இங்க வந்து பரீட்சை எழுதுதுன்னு எத்தன காலமாப் புகார் ஓடுது! அவங்க தேடி வர்ற ஊருல சும்மா பொறந்துட்டு, நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க.

பெரியப்பா மகனுக்கு ஒரு வசதி இருக்கு. ஜிமேட் குறைஞ்சா கட்டுரை எழுதலாம், வேலை பாத்த அனுபவத்தச் சொல்லலாம், மேலதிகாரி கடுதாசி வைக்கலாம். நீயும் அங்க கேட்டிருந்தா ஜோராச் சொல்லியிருப்ப. சிவனொளிபாதமலை சீசன்ல, மார்கழிப் போயாவுல இருந்து வெசாக் போயா வரைக்கும் உங்கப்பன் கடையில குல்லா வித்தவன்தான நீ? மத்தியானம் ஒரு விலை, ராத்திரி ரெண்டு மணிக்கு வெடவெடன்னு நடுங்கி வர்றவனுக்கு ஒரு விலை. அத எந்தப் பேராசிரியர் உனக்குச் சொல்லிக் குடுத்தாரு? ஆனா இங்க உன் கதைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. எண்ணு, மாவட்டம், நீ எழுதுற விருப்ப வரிசை. எண்ணு வந்திருச்சு, மாவட்டம் மாறாது. உன் கையில இருக்கிறது வரிசை மட்டும்தான்.

அதுலதான் நம்ம பயலுக கோட்ட விடுறானுக. ஜயவர்தனபுர, கொழும்புன்னு ரெண்ட எழுதிட்டுப் பேனாவ மூடிருவானுக. கீழ எழுதினா மேல உள்ளது கெட்டுப் போயிருமோன்னு பயம். அடேய், மேல இருந்துதான் பாத்துக்கிட்டே வருவாங்க. எட்டின முதல் இடத்த உனக்குக் குடுப்பாங்க. அதனால ஆசையா இருக்கிறத மேல எழுது. அப்புறம் யாழ்ப்பாணம், வவுனியா, ஒலுவில், திருகோணமலைன்னு இறங்கிக்கிட்டே வா. ஆணைக்குழுவோட கைநூல முழுசாப் படி. குல்லா மடிக்கிற தாள்னு நெனச்சுறாத.

அதுவும் எட்டலன்னா ஏ.எல். மூணு தடவ வரைக்கும் எழுதலாம், உனக்கு இன்னும் பாக்கி இருக்கு. நாவல திறந்த பல்கலைக்கழகம் இருக்கு. பட்டயக் கணக்காளர் படிப்புக்கு மூணு பாடமும் பாஸா இருந்தாச் சேரப் பாக்கலாம், மாவட்டமும் பாக்க மாட்டாங்க, இசட்டும் பாக்க மாட்டாங்க. ஆனா அந்தப் பரீட்சைக ஒவ்வொண்ணும் உன்னத் தலைகீழா நிப்பாட்டிரும், அதையும் சொல்லி வச்சிர்றேன்.

ஒண்ணே ஒண்ணு. வரிசைய எழுதினதும் உங்கம்மாகிட்டக் காட்டாத, எங்கிட்டக் கொண்டா. அவ யாழ்ப்பாணத்தத் தூக்கி மேல போடச் சொல்லுவா, அங்க அவ தங்கச்சி இருக்கா. எனக்கு அப்படி ஆசாபாசம் எதுவும் இல்ல. திருகோணமலைய மட்டும் கொஞ்சம் மேல ஏத்தி வைடா. லீவுக்கு வர்றப்ப நல்ல கருவாடு கொண்டாரலாம்.